ஊதுகுழலும் அண்டாவும்

எழுபத்தொன்றாம் ஆண்டுக் கோடையில், அக்காவின் கணவராக வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் சலவைக்காரி அவரை முதன்முதலில் பார்த்தாள். பாறைச்சரிவில் தானாக எரியும் தீக்குத் தாமே காரணம் என்பதுபோல அன்றே பேசினார். மண்ணுக்கடியிலிருந்து கசியும் எரிவாயு அது; கல்லிடுக்கு கண்ட இடத்தில் எரிந்தது. வேடிக்கை பார்க்க வருவோருக்கு அதை விளக்குவது அவருடைய அரசாங்க வேலை. ‘அக்கினிக் காவலர்’ என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டார். தெருவார் ‘ஊதுகுழல்’ என்றார்கள். காற்றைத் தவிர வேறொன்றும் வராதாம்.

அவளுடைய கொல்லையிலும் அப்படியோர் இடுக்கு இருந்தது. அதன்மேல் அண்டாவை ஏற்றி, விடுதிகளின் படுக்கைவிரிப்புகளை வேகவைப்பாள். விறகு தேடாமல் கிடைத்த அந்தத் தீதான் அவளுடைய பிழைப்பு. புனிதமான சுடரில் ஊர் அழுக்கை அவிப்பதா என்று அவர் மூக்கைச் சுளிப்பார். அவருடைய சட்டைகளும் அதே அண்டாவில்தான் வெளுத்தன.

ஒருமுறை மேலதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. சரிவுத் தீயோ முழங்கால் உயரமே எரிந்தது. சிறு இடுக்குகளை அடைத்துவிட்டால் வாயு முழுவதும் தம் தீக்கே வந்து சேர்ந்து, அது ஆளுயரம் எழும் என்று கணக்குப் போட்டார். விரிப்புகளை ஒப்படைக்க அவள் போயிருந்த நேரத்தில் கொல்லை இடுக்கைச் சிமெண்டால் பூசிவிட்டார்.

“யாரைக் கேட்டு அடைச்சீங்க அத்தான்?”

“பெரிய காரியத்துக்கு நடுவுல உன் அழுக்குத்துணியை இழுக்காதே. தீ பெருசா எரிஞ்சா உனக்கும் பெருமைதானே?”

“பெருமையில துணி வேகுமா?”

வாயு அவருடைய பட்டத்தை மதிக்கவில்லை. சரிவுத் தீ வழக்கம்போலத் தவழ்ந்தது. அடைபட்ட வாயு, கொல்லையை அடுத்திருந்த அவர் வீட்டுச் சமையலறைத் தரையைப் பிளந்துகொண்டு வந்து அடுப்புத் தணலில் பற்றியது. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை. மேலதிகாரி வந்து பார்த்தது கரிந்த சுவரைத்தான். வேலை போயிற்று. சலவைக்காரி சிமெண்டைப் பெயர்த்தெடுத்தாள். அவளுடைய சுடர் திரும்பவில்லை.

அக்காவின் முகத்துக்காக இருவரையும் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டாள். காடு மேடெல்லாம் அலைந்து விறகு சுமந்தாள். அவரோ வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பூமியின் மூச்சையே திசைதிருப்பிய கதையை வழிப்போக்கர்களிடம் அளந்தார். ஒரு சுள்ளியைக்கூட எடுத்துக் கொடுத்தவரில்லை.

ஒரு மழைக்காலத்தில் படுக்கையில் விழுந்தார். ஈர விறகோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. இப்போதாவது மனம் வருந்துகிறாரோ என்று, புகையில் எரிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு காது கொடுத்தாள். அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

“குளிக்க வெந்நீர் வேணும்மா. சீக்கிரம் ஆகட்டும்.”