மணி வெளியில் இருந்தது

துணிப்பைக்குள் மரக் காசுகள் உருளும் கடகடச் சத்தம் எங்கே கேட்டாலும் என் முன்பல் கூசுகிறது. பல் என்று சொல்வதே பொய், அது பீங்கான். ஒரிஜினல் பல் பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் கோயில் ஹாலின் மேடைக்குப் பின்னால், கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் செய்த சம்மனசு இறக்கைகளுக்கு அடியில் எங்கோ போய் விழுந்தது. அதைத் தேடி எடுக்கும் நிலையில் அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் இல்லை.

அந்தக் காசுகள், கூவும் எண்ணைச் சீட்டில் அடிக்கும் ‘ஹவுசி’ ஆட்டத்தின் எண் போட்ட காசுகள். எங்கள் கோயில் திருவிழாவில் தேருக்கு அடுத்தபடி கூட்டம் சேர்வது ஹவுசிக்குத்தான், அதில் பைக்குள் கைவிட்டு ஒன்று முதல் தொண்ணூறு வரை எண்களை எடுத்துக் கூவுவது என் அப்பாவின் உரிமை. வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் பை மேடைக்குப் பின்னால் தூங்கும், அறைச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். எனக்கு அது போதும். என் நண்பன் இம்ரானின் அண்ணன் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து ஓர் ஆங்கில விளையாட்டுப் புத்தகத்தின் ஜெராக்ஸைக் கொண்டுவந்திருந்தான். பாதிப் பக்கங்கள் கறுப்பாக இருந்தாலும் விஷயம் புரிந்தது: பலகை கிடையாது, காய் கிடையாது, ஒருவன் உலகத்தை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக மாறி அந்த உலகத்தில் பிழைக்க வேண்டும், அடி விழுமா தப்புமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அந்தப் பகடைக்குப் பெங்களூரில் எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை ஹவுசிக் காசுகளைப் பிரித்தெடுத்துத் தனிப்பையில் போட்டேன். வேலை முடிந்தது.

உலகத்தை நடத்தியவன் அருள். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய மறுவருஷம் எங்கள் சந்துக்குக் குடிவந்து, எட்டாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் கட்டிய உலகத்தில் பூமிக்கு மேலே எல்லாம் எரிந்து முடிந்திருக்கும். மிஞ்சியவர்கள் ‘லெவல்’ ‘லெவலாக’ சுரங்கத்துக்குள் இறங்கி, வெந்நீர் வியர்க்கும் பாறைகளுக்கு நடுவே விளக்குக்கும் தண்ணீருக்கும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டு கிடப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் பாறை தானாக வெடிக்கும். அதற்கு அவன் ‘ராக் பர்ஸ்ட்’ என்பான். சொல்லும்போது குரலைத் தாழ்த்திவிடுவான், எங்களுக்கு ரோமம் சிலிர்க்கும்.

ஆட்டம் தொடங்கும் முன் உன் ஆள் எப்பேர்ப்பட்டவன் என்று முடிவு செய்ய வேண்டும். புத்தகத்தில் அதற்கு ஒன்பது கட்டங்கள். சட்டத்தை மீறாத நல்லவன், சட்டத்தை மதிக்காத நல்லவன் என்று தொடங்கி, கண்டதையும் நொறுக்கும் கெட்டவன் வரைக்கும் போகும். ஒன்பதை யார் நினைவில் வைப்பது? நல்லவன், கெட்டவன், நடு என்று மூன்றாக்கினோம். அதை அருள் ஊருக்குப் போய்வந்த பழைய ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தங்கவயல் ஸ்டேஷனான மாரிக்குப்பத்திலிருந்து வந்த அந்தக் கெட்டி அட்டை டிக்கெட்டுகள் அவனிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஆள் செத்த பிறகே டிக்கெட்டைத் திருப்பலாம் என்பது அருளின் சட்டம். ‘சாவுற வரைக்கும் ஒருத்தன் இன்னான்னு எவனுக்கும் தெரியக்கூடாது’ என்பான்.

என் டிக்கெட்டைத் திருப்பிப் பார்க்கத் தேவையே இருக்காது. என் ஆள் பெயர் ‘பிளேடு’. விளக்குக்காகக் கிழவன் ஒருவனின் விரல்களை ஒவ்வொன்றாக நறுக்கியவன், தண்ணீர்த் தொட்டியில் பிணத்தைப் போட்டு ஒரு லெவலையே வாந்தியெடுத்துச் சாகவைத்தவன். இம்ரான் எப்போதும் ‘ஹக்கீம்’ என்ற வைத்தியன், எப்போதும் நல்லவன், யாருக்காவது கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போது முதுகில் குத்து வாங்கிச் சாவான். பெரும்பாலும் குத்துவது நான். மறுவாரம் அதே ஹக்கீமாக எழுந்து வருவான். ‘நக்கோ மாமு, வேணாண்டா, இந்தத் தடவையாவது மூஞ்சியப் பாத்துக் குத்து’ என்று கும்பிடுவான். ‘நடு’ என்று நாங்கள் யாரும் எழுதியதே இல்லை. அது பொட்டைப்பயல்களின் கட்டம் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் கூச்சல் கேட்டு அம்மா ஹால் ஜன்னலுக்கு வெளியே நின்று, ‘சுரூபம் வெச்சிருக்கிற எடத்துல என்னடா வெட்டு குத்துன்னு? பேசுற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆண்டவர் கேப்பாரு’ என்பாள்.

அம்மாவும் நிறையப் பேசுவாள். அருளின் அப்பா சகாயத்தைப் பற்றித்தான் அதிகம். ஏர்போர்ட் ரோட்டில் ஐந்து மாடி ஆபீஸ் ஒன்றில் அவர் வாட்ச்மேன். லிஃப்டில் ஏறமாட்டார், மேல்மாடியில் யாராவது கூப்பிட்டால் படியில்தான் போவார். ‘ஏன் ஏறமாட்டான்னு தெரியுமா?’ என்று அம்மா தொடங்குவாள். தங்கவயலிலிருந்து வந்த தோழி ஒருத்தி சொன்ன கதை அது. சுரங்கத்தில் பாறை வெடித்தபோது சகாயத்துடன் வேலை செய்த மச்சினன், அதாவது அருளின் தாய்மாமன், கால் நசுங்கிக் கிடந்தாராம். சகாயம் அவரை அப்படியே விட்டுவிட்டு, ஆட்களை மேலே தூக்கும் ‘கேஜ்’ என்ற கூண்டுக்குள் ஏறி, மணியடித்து, தனியாக மேலே வந்துவிட்டாராம். எங்கள் சந்தில் அவருக்குப் பெயரே ‘மணியடிச்சிட்டு ஏறினவன்’. அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அருளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு முந்தைய கோடை விடுமுறையில், ஒரு மத்தியானம், அருள் திடீரென்று தானும் ஆள் எடுத்து ஆட வேண்டும் என்றான். உலகத்தை என்னை நடத்தச் சொன்னான். அவன் ஆள் ‘மேஸ்திரி’. டிக்கெட்டின் பின்னால் எழுத மற்றவர்களைவிட நேரம் எடுத்துக்கொண்டான், கவிழ்த்து வைத்து அதன்மேல் ஒரு காசையும் வைத்தான். எனக்கோ ஒரே வெறி. அருளின் உலகத்தைவிட என் உலகம் கொடூரமாக இருக்க வேண்டும், அவன் அழ வேண்டும். ஒரு மணி நேரம் அவர்களை வதைத்தேன். தண்ணீரைப் பிடுங்கினேன், விளக்கை அணைத்தேன், துணைக்கு வந்த நாலு பேரை அவர்கள் கண் முன்னால் நசுக்கினேன். கடைசியில் பாறையை வெடிக்கவைத்து ஹக்கீமின் காலை அதற்கடியில் போட்டேன்.

‘மேஸ்திரி கேஜுக்குள்ள நிக்கிறான். மணியடிச்சா பொழைப்பான். ரெண்டு பேரும் பொழைக்க முடியாது. இன்னா செய்யப்போற?’

அருள் சிரிக்கவில்லை. ‘ஹக்கீம இழுத்துக் கேஜுக்குள்ள போடறேன். நான் வெளியில நின்னு மணியடிக்கிறேன்’ என்றான்.

‘முடியாது. காலு வராது. நீ உள்ள இருக்க, மணியும் உள்ள இருக்கு.’

‘உள்ள மணி கெடையாது.’

‘என் உலகத்துல உண்டு’ என்று நான் சொன்னேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். ‘உங்கப்பன் அடிச்சானே, அதே மணி.’

இம்ரான் ‘டேய்’ என்றது மட்டும் கேட்டது. அருள் காசுப் பையைக் கையில் எடுத்து, அதன் வாயை இறுக்கிச் சுருக்குப்போட்டான். நிதானமாகத்தான் பேசினான்.

‘கேஜ் கதவச் சாத்துனா உள்ள இருக்கிறவனுக்குக் கையே எட்டாது. மணிக்கயிறு வெளியில, செவுத்துல. லெவல்ல நிக்கிறவன் இழுத்தாத்தான் மேல இஞ்சின்காரனுக்குக் கேக்கும், கேஜ் நகரும். எங்கப்பா உள்ள போனது நெஜம். அடிச்சது எங்க மாமா. காலு மாட்டிக் கெடந்தவரு அடிச்சாரு.’

அடுத்து பை என் வாயில் இறங்கியது. இருபது மரக் காசுகளுக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று யார் கண்டது? முதல் அடியில் பல் போனது, இரண்டாவதில் உதடு கிழிந்தது, மூன்றாவதில் பை கிழிந்து காசுகள் சிதறின. பிறகு கையாலேயே அடித்தான். நெஞ்சின்மேல் முட்டி போட்டு உட்கார்ந்து, சுவரில் ஆணி அடிப்பவனைப்போல் அடித்தான். நானும் சும்மா இருக்கவில்லை, அவன் கட்டைவிரலைக் கடித்தேன், எலும்பு பல்லில் தட்டும் வரை விடவில்லை. கடைசியில் அவனை என்மேலிருந்து இறக்கியது வாழ்க்கையில் ஓர் எறும்பைக்கூட மிதிக்காத இம்ரான். இடையர் வேஷத்துக்கு வைத்திருந்த கம்பால் அருளின் மண்டையில் ஒரே போடு போட்டான். அருளின் புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. கம்பைக் கீழே போட்டுவிட்டு இம்ரான் மூலையில் போய் வாந்தியெடுத்தான். அருள் எழுந்து, முகத்தைத் துடைக்காமல், படியிறங்கிப் போனான்.

அவன் ஆள் இன்னும் சாகவில்லை, சட்டப்படி டிக்கெட்டைத் திருப்பக்கூடாது. நான் திருப்பினேன். நல்லவன், கெட்டவன், நடு மூன்றில் எதுவும் அதில் இல்லை. ‘மணி அடிக்கிறவன்’ என்று எழுதியிருந்தான். தன் மாமாவாக ஒரு தடவை நின்று பார்க்கத்தான் அன்றைக்கு ஆட்டத்துக்குள் வந்திருக்கிறான். நான் அவனைப் பிடித்து அவன் அப்பாவின் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் சகாயம் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அருளின் நெற்றியில் ஏழு தையல். அவர் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ‘தப்பு எம் பையன் மேலதாம்மா. கை நீட்டிட்டான். மன்னிச்சிரு’ என்றார். எதற்காக அடித்தான் என்று அம்மா என்னைக் கேட்டாள். அருள் என்னை நேராகப் பார்த்தான். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மணி எங்கே இருந்தது என்று சொன்னால் போதும். வீங்கிய உதட்டோடு ‘சும்மா, விளையாட்டுல’ என்றேன். அவர்கள் கேட்டைத் தாண்டும் முன்பே, அவர்கள் காதில் விழும்படி அம்மா சொன்னாள்: ‘அப்பன் புத்திதானே புள்ளைக்கு வரும்.’ சகாயத்தின் கால் ஒரு நொடி நின்று, நடந்தது. அப்போதும் நான் பல் போன பள்ளத்தில் நாக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். பிளேடு என்று பெயர் வைத்துக்கொண்டு ஊரையே அறுத்த நான் கடைசியில் விழுந்தது, காறித் துப்பிய அந்த நடுக் கட்டத்தில்தான்.

இரண்டு மாதத்தில் அவர்கள் ஆனேக்கல் பக்கம் வீடு மாற்றிப் போய்விட்டார்கள். எங்கே என்று இம்ரானுக்கும் தெரியாது. நான் டிகிரி முடித்துவிட்டேன். பழைய ஹாலை இடித்துப் புதிய ஹால் வந்துவிட்டது. அட்டை டிக்கெட் போய், ஒரு மாதத்தில் எழுத்து மங்கும் காகிதம் வந்துவிட்டது. சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார்கள். இந்த வருஷத் திருவிழாவில் ஹவுசி எண்களைக் கம்ப்யூட்டர் திரை காட்டியது. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து, கூவுவதற்கு எதுவும் இல்லாமல், சீட்டில் கட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த என் அண்ணிக்கு அம்மா பழைய கதைகளை எடுத்துவிட்டாள், ‘மணியடிச்சிட்டு ஏறினவன்’ வரைக்கும் வந்துவிட்டாள். பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கயிறு எங்கே இருந்தது, யார் இழுத்தது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அம்மா எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

‘இத அன்னைக்கே அந்த ஆளு சொல்லியிருக்கலாமே’ என்றாள்.

‘நான் சொல்லியிருக்கலாம்மா’ என்றேன்.