சின்னம்மாவின் முப்பத்தாறு பச்சை

எங்கள் சின்னம்மாவைப் பார்த்தே கிழமை சொல்லிவிடலாம் என்று அவளோடு வேலை பார்த்த பெண்கள் கேலி செய்வார்களாம். அவளிடம் இருந்தது நான்கு செட் பாவாடை தாவணி. திங்கட்கிழமை ஊதா, செவ்வாய் அரக்கு, புதன் மஞ்சள், வியாழன் காப்பிப்பொடி நிறம். வெள்ளிக்கிழமை மறுபடியும் ஊதா வந்துவிடும். மஞ்சள் தாவணியோடு அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறினால், பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "புதன்கெழம ஏறுதுடி, நகுந்து எடம் குடுங்க" என்பாளாம். பஸ் முழுக்கச் சிரிக்கும். அன்றைக்கெல்லாம் சின்னம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

அவள் என் அம்மாவின் தங்கை. என் அப்பா கொத்தனார். ஓசூரில் கம்பெனிகள் கட்ட ஆள் தேவைப்பட்டபோது ஊத்தங்கரைப் பக்கமிருந்து வந்தவர். அவர் சுவர் எழுப்பிய ஒரு பல்பு கம்பெனியிலேயே பிறகு சின்னம்மாவுக்கு வேலை கிடைத்தது. அதனால் அவளும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். லைன் வீடு. இந்தப் பக்கம் ஐந்து, எதிர்ப்பக்கம் ஐந்து, நடுவில் ஒரு குழாய். நான் அப்போது நான்காம் வகுப்பு. எண்பதுகளின் கடைசி.

எதிர் வரிசையின் கடைசி வீட்டில் ஒருவர் தனியாக இருந்தார். வேறொரு கம்பெனியில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். பேரிகைப் பக்கம் ஊர், வீட்டில் பேசுவது தெலுங்கு. நான் அவரை அண்ணையா என்று கூப்பிடுவேன். விசாரித்ததில் எங்கள் ஆட்கள்தான் என்று தெரிந்தது. எங்கள் பெரியவர்களும் ஒரு காலத்தில் தெலுங்கு பேசியவர்கள்தானாம், ஊத்தங்கரைக்குப் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்களாம். இது தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே எண்ணம்தான். பையன் குடிப்பதில்லை, பீடி இல்லை, வேலை நிரந்தரம். அவர் பெரியவர்களை அனுப்பிக் கேட்டால் மறுநாளே கொடுத்துவிடுவது என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அம்மாவுக்கும் சம்மதம்தான். அண்ணையாவின் அம்மா ஊரில் பட்டுப்பூச்சி வளர்க்கிறாள், கல்யாணமானால் மருமகள் அங்கேதான் இருக்க வேண்டுமாம் என்பதை மட்டும் அம்மா ஒரு சிரிப்போடு சொன்னாள். "மகனுக்குப் பொண்ணு தேடறாங்களோ, புழுவுக்குத் தழ போட ஆளு தேடறாங்களோ."

சின்னம்மா அப்போது தலை குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தோம். எனக்கோ அண்ணையா சின்னப்பா ஆகிவிட்டால் அவருடைய சைக்கிளின் முன் கம்பியில் தினமும் உட்கார்ந்து போகலாம் என்ற கணக்கு.

பெண்ணின் மனசு தெரியாமல் ஆள் அனுப்புகிறவர் இல்லை அண்ணையா. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுக் கடலை உருண்டை கொடுத்தார். சும்மா கொடுக்கிறவர் இல்லையே என்று நான் வாயில் போடாமல் நின்றேன். அவர் செயினைப் பார்த்துக்கொண்டே, "மீ சின்னம்மகி பச்ச பாகுந்தி. நான் சொன்னன்னு சொல்லு" என்றார். பாகுந்தி என்றால் நன்றாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். லைனில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள். பச்சைக்கு யாரிடம் போய் அர்த்தம் கேட்பது?

ஓடிப்போய்ச் சொன்னேன். உனக்குப் பச்சை நன்றாக இருக்கிறதாம், அண்ணையா சொல்லச் சொன்னார் என்று. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னம்மாவின் கை முறத்திலேயே நின்றுவிட்டது. அன்று அவள் போட்டிருந்தது மஞ்சள் தாவணி, அதற்குக் கிளிப்பச்சை ரவிக்கை.

"அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன்.

"மஞ்சன்னு சொல்லலியா?"

"இல்ல. பச்சன்னுதான் சொன்னாரு."

"நல்லா யோசிச்சு சொல்லுடா. பச்சதானே?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான்காம் வகுப்புப் பையனுக்கு நிறம்கூடத் தெரியாதா என்று. சின்னம்மா முறத்தை எடுத்து ஒரு தடவை புடைத்தாள். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டு, பச்சையே இருக்கட்டும் என்றாள்.

அந்த வாரமே அவள் ஒரு திட்டத்தோடு வந்தாள். செட் செட்டாக எடுப்பதால்தான் துணி பத்தவில்லையாம். ஊதாத் தாவணி ஊதாப் பாவாடைக்கு மட்டும்தான், அதை அரக்கோடு போட முடியாது. எல்லாமே ஒரே நிறத்தின் வகைகளாக இருந்தால் எதற்கு எதை வேண்டுமானாலும் போடலாம். பாவாடை மூன்று, ரவிக்கை மூன்று, தாவணி நான்கு. மாற்றி மாற்றிப் போட்டால் முப்பத்தாறு நாளைக்கு ஒரு நாள் போட்டது மாதிரி இன்னொரு நாள் வராது. அம்மா இதைக் கேட்டுவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "முப்பத்தாறு எங்கமே இருக்குது? பத்து துணி வரப்போவுது, அவ்ளோதான?" என்றாள். சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தரையில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டேன். முதல் தடவை முப்பத்திநான்கு வந்தது, இரண்டாம் தடவை முப்பத்தொன்பது. மூன்றாம் தடவை முப்பத்தாறு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பச்சை சேர்ப்பது லேசான வேலை இல்லை. பச்சையும் பச்சையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கட் பீஸ் கடை வைத்திருந்த பாய் பொறுமைசாலி. சின்னம்மா தன் கிளிப்பச்சை ரவிக்கையின் உள்மடிப்பிலிருந்து விரல் அகலத்துக்குத் துணி வெட்டி பர்ஸில் வைத்திருப்பாள். அதை ஒவ்வொரு துணியின் மேலும் வைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். பாய் பாசிப்பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சை என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில், "பாப்பா, எங்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பச்ச எடுத்ததில்ல" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லை தாண்டி அத்திப்பள்ளி சந்தைக்கும் போனோம். அங்கே கன்னடத்தில் ஹசிரு என்று கேட்க வேண்டும். ஒரே நிறத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரே பெயருக்கு நிறம் மாறும் என்று அப்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

ஊதாவும் அரக்கும் காப்பிப்பொடியும் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவரிடம் போயின. மஞ்சள் தாவணியை மட்டும் அவள் கொடுக்கவில்லை. நல்ல மெல்லிசான வாயில் காட்டன் துணி அது. சாயப் பொட்டலம் வாங்கி வந்து, அடுப்பில் அண்டாவை ஏற்றி, கல்லுப்பு போட்டு, அந்தத் தாவணியை உள்ளே முக்கினாள். கோலால் கிண்டியது நான். என் கண் முன்னாலேயே மஞ்சள் கலங்கி, அழுக்காகி, பிறகு கொழுந்து வாழை இலை மாதிரி ஒரு பச்சையாக மேலே வந்தது. அதைக் குழாய்ப் பக்கத்துக் கொடியில் போட்டோம். ஷிப்டுக்குக் கிளம்பிய அண்ணையா சைக்கிளைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாவணியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாயம் விழுந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதைத்தான் செய்திருக்கிறோம் என்ற பெருமையில் நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பத்துத் துணியும் சேர ஆறேழு மாதம் ஆனது. முப்பத்தாறு விதமாகத்தான் போட்டாள், நான் சாட்சி. ஆனால் பஸ்ஸில் இருந்த பெண்களுக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை. பாட்டில் பச்சைக்கும் பாசிப்பச்சைக்கும் யார் வித்தியாசம் பார்க்கிறார்கள்? "ஏன்டீ, ஒரே துணியத் தெனமும் தொவச்சுத் தொவச்சுப் போட்டுக்கினு வர்றியா?" என்று கேட்டார்களாம். முன்பென்றால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. இப்போது அதைச் சின்னம்மாவே எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்தாள். இவ்வளவு பாடுபட்டதும் வீணாகிவிட்டதே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு நாள் அண்ணையா மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை கடலை உருண்டை இல்லை.

"ஏம்ப்பா, உங்க சின்னம்மாக்கு பச்சன்னா புடிக்காதா?"

கொடியைப் பார்த்தேன். இரண்டு பாவாடை, ஒரு தாவணி, ஒரு ரவிக்கை, எல்லாம் பச்சை. இவர் என்னைக் கிண்டல் செய்கிறார் என்று தோன்றியது.

"எப்பப் பாத்தாலும் அதத்தான போட்டுக்கினு இருக்குது" என்றேன்.

நான்தான் அவரைக் கிண்டல் செய்கிறேன் என்பது போல் அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிறுவயதிலிருந்தே பெரியவர்களிடம் இரண்டாவது கேள்வி கேட்கும் துணிச்சல் கிடையாது. வீட்டுக்கு ஓடிவிட்டேன். அதன் பிறகு அவர் குழாயடிக்கு நாங்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார். அப்பா இரண்டு மாதம் காத்திருந்தார். பெரியவர்கள் யாரும் வரவில்லை. பத்திரிகைதான் வந்தது. பெண் அவருடைய தாய்மாமன் மகள். அப்பா பத்திரிகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நம்மிடம் என்ன குறை கண்டார்களோ என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேரிகைப் பக்கத்தில் அவர்கள் ஊரிலேயே கல்யாணம். எல்லோரும் போனோம். தாலி கட்டுவதற்கு முன் ஒரு பெரியம்மா உள்ளே பார்த்து, பச்ச சீரையை எடுத்து வா என்று தெலுங்கில் சத்தம் போட்டாள். சீரை என்றால் புடவை. ஒரு பெண் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். மஞ்சள் புடவை. தவறாக எடுத்து வந்துவிட்டாள், இப்போது திட்டு விழும் என்று பார்த்தேன். ஒருவரும் திட்டவில்லை. வாங்கிப் பெண்ணின் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் அது என்ன நிறம் என்று மெல்லக் கேட்டேன். பச்ச என்றான். பந்தலில் கட்டியிருந்த மாவிலையைக் காட்டி, அப்படியானால் அது என்ன என்றேன். அது ஆகு பச்ச, இலையின் பச்ச என்றான், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

சைக்கிள், செயின், கொடியில் சொட்டிய சாயம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒரு சொல்லைத் தப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்துச் சின்னம்மாவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன். பந்தியில் ஒப்பட்டு போட்டார்கள், நம் போளிதான்; என் இலையில் இருந்ததை என்னால் தொட முடியவில்லை. சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் பங்கை முடித்துவிட்டு, "உனக்கு வேணாமாடா?" என்று என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். அன்று அவள் யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். துக்கத்தை மறைக்கிறாள், எவ்வளவு நெஞ்சுறுதி என்று நினைத்து, நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் அழுதேன்.

ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போனேன், பிறகு நானும் கொத்தனார் ஆனேன். சின்னம்மா கம்பெனியிலேயே தொடர்ந்தாள், சூப்பர்வைசர் ஆனாள். பல வருஷம் கழித்து அங்கேயே வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அவளை நேராகப் பார்த்துப் பேசவே கூச்சம். எந்த வீட்டில் வர்ணம் அடித்தாலும் அந்த நினைப்பு வரும். சென்ற வருஷம் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கிருஷ்ணகிரியில் அவள் வீட்டுச் சமையலறையில் டைல்ஸ் மாற்றப் போயிருந்தேன். இனியும் சொல்லாமல் இருந்தால் எப்போது சொல்வது என்று, சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

சின்னம்மா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "எனக்குத் தெலுங்கு தெரியாதுன்னு யாருடா உனக்குச் சொன்னது? எங்க டேபிள்ல எட்டுப் பேரு. அதுல அஞ்சு பேரு தெலுங்கு."

சிமெண்ட் பூசும் கரணையைக் கீழே வைத்துவிட்டேன். "அப்ப தெரிஞ்சுதான் போட்டியா?"

"உங்கப்பாகிட்ட வேணாம்னு சொல்லியிருந்தா உட்டிருப்பாரா? வேலைய உட்டுட்டுப் போயி எவன் புழுவுக்குத் தழ போடறது? நீ பச்சன்னு சொன்ன. நான் பச்ச போட்டன். இதுல யாரு மேல என்னா தப்பு?" டீயை என் பக்கம் நகர்த்தினாள். "அந்தக் கலரும் எனக்குப் புடிக்கும்டா."

அது உண்மையா, இத்தனை வருஷம் நான் சுமந்ததை இறக்கிவைக்கச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது கேள்வி அன்றும் வாயில் வரவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்தக் கல்யாணப் பந்தியில் இரண்டு ஒப்பட்டு சாப்பிட்டுவிட்டுச் சின்னம்மா அப்படிச் சிரித்தபோது, அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்திருக்கலாம் என்பது மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்ற எனக்குத் தோன்றவே இல்லை.