வெள்ளி உப்புத் தடவிய கண்ணாடி

அறுபதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி வேதியியல் கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். அங்கே அந்த வேலையில் இருந்த ஒரே பெண் நான்தான். எங்கள் பேராசிரியர் வெளியூரில் ஒரு கோடைப் பயிற்சிக்குப் போய்வந்த கையோடு, மெல்லடுக்கு முறையில் பொருள்களைப் பிரிக்கும் வித்தையைக் கொண்டுவந்தார். கூடவே மெட்ராஸிலிருந்து ஒரு பாட்டில் சிலிக்கா ஜெல்லும் வந்தது. கோலமாவை விட நைசான வெள்ளைத் தூள். அதில் கொஞ்சம் பாரிஸ் சாந்து கலந்திருந்ததால், தண்ணீர் விட்டுக் குழைத்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் இறுகிவிடும். அதற்குள் கண்ணாடியில் ஒரே சீராகத் தடவிவிட வேண்டும்.

தடவுகிற கருவி எங்களிடம் இல்லை. கண்ணாடிக் கம்பி ஒன்றின் இரண்டு முனையிலும் பிளாஸ்திரி சுற்றி நானே ஒன்று செய்தேன். கண்ணாடி, கீழராஜ வீதியில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வெட்டி வாங்கியது. காய்ந்த பூச்சின் அடியோரத்தில் எண்ணெயை ஒரு புள்ளி வைத்து, மூடி போட்ட ஜாடியில் கொஞ்சம் கரைப்பான் ஊற்றி நிறுத்தினால், திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கரைப்பான் பூச்சில் ஏறும். புள்ளியையும் கூட இழுத்துக்கொண்டு போகும். வேறு வேறு பொருள்கள் வேறு வேறு உயரத்தில் நின்றுவிடும். அதுதான் பிரிப்பது.

பேராசிரியருக்குச் சுறா ஈரல் எண்ணெயில் என்னென்ன கொழுப்பமிலங்கள் இருக்கின்றன என்று பார்க்க ஆசை. எண்ணெய் வாங்கக் கட்டுமாவடிக்கு நானே போனேன். திரும்பும்போது டின் மூடி சரியாக இறுகவில்லை. அறந்தாங்கி தாண்டுவதற்குள் பஸ்ஸில் என்னைச் சுற்றி மூன்று வரிசை காலியாகிவிட்டது. கண்டக்டர் மட்டும் முகம் சுளிக்காமல், மருந்துக்காங்க என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அத்தனை பாடுபட்டும் வெறும் சிலிக்கா ஜெல் கைவிட்டது. எண்ணெயிலிருந்து எடுத்த அமிலங்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே புள்ளியாகப் போய் உட்கார்ந்துகொண்டன. நான்கு முறை செய்தும் அதேதான். பேராசிரியர் ஒரு ஆய்வுப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு வழி சொன்னார். வெறும் தண்ணீருக்குப் பதில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தூளைக் குழைக்க வேண்டும். வெள்ளி, இரட்டைப் பிணைப்பு உள்ள அமிலத்தைப் பிடித்து நிறுத்தும். பிணைப்பு கூடக்கூடப் பிடியும் கூடும். ஒன்றும் இல்லாதது உச்சிக்கு ஓடிவிடும்.

முதலில் செய்த தட்டுகளை ஜன்னலோரம் காயவைத்தேன். வெளிச்சம் பட்டு மத்தியானத்துக்குள் பழுப்பாகிவிட்டன. பிறகு ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டி மறுபடி தொடங்கினேன். கையுறை ஒரே ஜோடி. அதிலும் விரல் நுனி கிழிந்திருந்தது. வெள்ளி உப்பு பட்ட உடனே ஒன்றும் தெரியாது. வெயிலில் வீட்டுக்கு நடந்து போவதற்குள் வலது கையில் மூன்று விரல்கள் மை தொட்டது போலக் கறுத்துவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்கக் கறம்பக்குடியிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் ஆத்தா விரலைப் பார்த்துவிட்டு அழாத குறை. எலுமிச்சை, புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தார். எதற்கும் அசையவில்லை. அயோடின் தடவி, போட்டோக்காரர்கள் வைத்திருக்கும் ஹைப்போவில் கழுவினால் போகும் என்று எனக்குத் தெரியும். செய்தேன். பாதி போனது, மீதி பழுப்பாக நின்றது. தோலும் வெடித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை அடுத்த தட்டுகள் காய்ந்து தயாராக இருந்தன. ஆத்தாவிடம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

அன்றைக்குத்தான் வந்தது. புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவதற்காகக் கந்தக அமிலம் தெளித்து, சூட்டடுப்பில் வைத்து எடுத்தபோது, வெள்ளைப் பூச்சில் படிப்படியாகக் கறுப்புப் புள்ளிகள். ஒன்றாகக் கிடந்தது ஐந்தாகப் பிரிந்திருந்தது. பேராசிரியர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொன்று செய்து இதே மாதிரி வருகிறதா பார்க்கலாம் என்றார். செய்தோம். வந்தது. வீட்டுக்குப் போகும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். விரல்கள் பழையபடி கரி.

மறுநாள் காப்பித் தட்டை நீட்டியபோது, மாப்பிள்ளையின் தாயார் டம்ளரை எடுக்காமல் என் விரலையே பார்த்தார். உயரமான மனுஷி. ஆத்தா சட்டென்று, மருதாணி கொஞ்சம் கூடப் பிடித்துவிட்டது என்றார். கறுப்பாகப் பிடிக்கிற மருதாணி எந்த ஊரில் இருக்கிறது? எனக்கு வெட்கமாகிவிட்டது.

"மருதாணி இல்லைங்க. வெள்ளி உப்புங்க. காலேஜ்ல மீனெண்ணெயைப் பிரிக்கிற வேலையில பட்டுச்சு. பத்துப் பதினஞ்சு நாள்ல தானா உரிஞ்சு போயிருங்க" என்றேன்.

அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"எரியுதாத்தா?"

"எரியலைங்க."

"எனக்கு எரியும்" என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் கறுத்து, தடித்து, ரேகையே இல்லாமல் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. கொட்டையின் தோட்டிலிருந்து கசிகிற பால் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் அப்படித்தான் என்று ஆத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆத்தாவுக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

புறப்படும்போது மாப்பிள்ளை, எண்ணெய் எத்தனையாகப் பிரிந்தது என்று என்னிடம் கேட்டார். ஐந்து என்றேன். தலையாட்டினார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

வேலையை விடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். சொந்தத்தில் சிலர் சொல்லவும் செய்தார்கள். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிட்டேன்; அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு யோசனை இருந்தது. மீனெண்ணெயைப் பிரிக்கிறவள் கொட்டைப் பாலைப் பிரிக்க மாட்டாளா என்று ஒரு நாள் கேட்டார். பேராசிரியரிடம் சொன்னேன். அவர் உடனே, அதிலும் இரட்டைப் பிணைப்புதான் வித்தியாசம், நம் தட்டுக்கு ஏற்ற சரக்கு என்றார்.

அடுத்த வாரமே அத்தை ஒரு தைலப் பாட்டிலில் தோட்டுப் பாலை நிரப்பிக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து கல்லூரி வாசலில் நின்றார். கூடத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தேன். நான் புள்ளி வைத்து, ஜாடியில் நிறுத்தி, தெளித்து, சூடுகாட்டி எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. நான்கு புள்ளிகள் தெளிவாக வந்தன. ஆறியதும் தட்டை அவர் மடியில் வைத்தேன். பூச்சைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என் கையைச் சுட்டது எது?"

எனக்குத் தெரியவில்லை. கீழே நிற்பது மற்றதை விடக் காரமாக இருக்கலாம் என்று தோன்றியது; நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "தெரியலைங்க அத்தை. தனித்தனியா எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப எடுத்துப் பாரு. ஒனக்குப் பால் நான் கொண்டாரேன்" என்றார்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, காய்கறிக் கூடையோடு. அத்தை அவரிடம், எங்க மருமக கொட்டைப் பாலை ஏழு விதமாப் பிரிச்சுட்டா என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த அம்மா என்னை எட்டிப் பார்த்தார். நான் திருத்தவில்லை.