வாசற்படிகளில் குனிகிறவர்

பேக்கரி வாசலில் காலைச் சேர்த்து நிற்கிறார் மாரிமுத்து. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, இடுப்பு வரை குனிந்து நிமிர்கிறார். பிறகுதான் பாண் கேட்கிறார். தபால் கந்தோரிலும் சலூனிலும் இதே கதைதான். பேக்கரி முதலாளி பாண் சுடும் போறணையடியிலிருந்து ஓடிவந்து பதிலுக்குக் குனிகிறார். உக்குவளைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து நானும் அங்கேதான் பாண் வாங்குகிறேன். அந்த முதலாளி ஒருநாளாவது என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை.

மாரிமுத்துவுக்குச் சாதிக்காய், கராம்பு வாங்கும் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை. ஆள் குள்ளம். பக்கத்தில் நின்றால் கராம்பு மணக்கும். கண்டியில் ஒரு சிங்கள மாஸ்டரிடம் கராத்தே பழகிக் கறுப்புப் பட்டியோடு திரும்பியவர், எழுபத்தொன்பதில் எங்கள் வாலிபர் சங்க மண்டபத்தைக் கேட்டார். சங்கத் தலைவர் நான். அரசாங்கக் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரன், நாடகம் எழுதுகிறவன். ஒத்திகை இல்லாத நாட்களில் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். இரண்டு மாதத்தில் கலைந்துவிடும் என்று நினைத்தேன்.

கலைந்தது என் நாடக மன்றம்தான். முதலில் அரசன் போனான். பிறகு மந்திரி. கடைசியில் ராணி வேடம் கட்டுகிறவனும் மீசை வளர்த்துக்கொண்டு கராத்தேக்குப் போய்விட்டான்.

உடுப்புக்குத் துணி கிடையாது. கோதுமை மாச் சாக்கை வெளுத்துத் தைத்தார்கள். மஞ்சள் பட்டிக்குச் சமையல் மஞ்சள், மண்ணிறப் பட்டிக்குத் தேயிலைச் சாயம். வியர்த்தால் சாயம் சட்டையில் இறங்கும். மஞ்சள் கறை பிடித்த இடுப்போடு திரிவது ஊரில் பெருமையாகிவிட்டது. நான் தைத்து வைத்த சரிகை அங்கியை அந்துப்பூச்சி தின்றது.

தையற்கடை றஹீம் நானா மகனைச் சேர்க்க வந்தவர், குனிகிற வழக்கத்தைப் பார்த்துத் தயங்கினார். "நாங்க அல்லாவுக்கு மட்டுந்தான் மாஸ்டர் குனியிற."

"மகன் குனிய வேணாங்க நானா. நெஞ்சுல கைய வச்சாப் போதும். நா அவருக்குக் குனியிறேன்."

அந்த வருஷமே அலுவிகாரையிலும் ஒரு கிளை திறந்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வந்தார்கள். என் மனைவி மங்கையற்கரசி சும்மா இருப்பாளா? "உந்த மாஸ்டரைப் பாருங்கோ. எவ்வளவு மரியாதையான மனிசன்!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே அவரை வழியில் மறித்து, கண்டவனுக்கெல்லாம் எதற்குக் குனிகிறீர் என்று கேட்டுவிட்டேன்.

"பயத்துல குனியிறதில்லைங்க கிளாக்கர் ஐயா. 'ஒங்கள நம்புறேன்'னு கழுத்தக் காட்டுறதுங்க."

இந்தப் பதிலும் எனக்குத் தோன்றாமல் அவருக்குத் தோன்றியதே என்று எரிந்தது.

எண்பத்தைந்தில் வந்தது வினை. கராத்தேயில் ஜப்பான் பாஷையில்தான் எண்ணுவார்கள். "இச்சி! நீ! சான்!" என்று மண்டபம் அதிர, வீதியில் போன பொலிஸ் ஜீப் நின்றது. தமிழும் இல்லாத, சிங்களமும் இல்லாத பாஷையில் தமிழ் இளைஞர்கள் கத்துகிறார்கள். அந்த நாட்களில் இயக்கப் பயிற்சி என்று சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? மறுநாள் மாரிமுத்துவை நிலையத்துக்கு அழைத்தார்கள். மண்டபத்துக்குப் பொறுப்பு என்பதால் என்னையும்.

இன்ஸ்பெக்டர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்: "இந்தக் கராத்தே உங்கள் மண்டபத்துக்கு வேண்டுமா? வேண்டாமென்றால் இன்றோடு நிறுத்துகிறேன். வேண்டுமென்றால், நாளைக்கு ஏதாவது நடந்தால் முதலில் உம்மைத்தான் பிடிப்பேன்."

இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். ஒரே சொல்லில் மண்டபம் திரும்பிவிடும், அரசனும் மந்திரியும் திரும்பிவிடுவார்கள். மாரிமுத்து என்னைக் கெஞ்சிப் பார்த்திருந்தாலாவது வேண்டாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று தலைவனே சொன்னால் அந்தப் பையன்கள் அத்தனை பேரையும் பிடிப்பதற்கு அதுவே போதும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வேண்டும் சேர்," என்றேன். "நான் பொறுப்பு."

போகச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டருக்கு, சார்ஜனுக்கு, வாசலில் நின்ற கொன்ஸ்தாபலுக்கு என்று முதுகு வளைத்து வளைத்து நான் பின்பக்கமாகவே வெளியே வந்தேன். மாரிமுத்து தலை நிமிர்ந்தபடியே அந்த வாசற்படியைத் தாண்டி வந்தார். அந்த நேரான முதுகைப் பார்த்ததும் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

பஸ் தரிப்பிடத்தடியில் அவர் நின்றார். என் பக்கம் திரும்பிக் காலைச் சேர்த்தார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, சனம் பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பு வரை குனிந்தார்.