சகலையின் வண்ணக் கண்ணாடி

காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்தவர்கள் வெயில் ஏறும் முன்பே அதைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனால், பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில் துக்கம் என்று பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போன வெள்ளிக்கிழமை பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். தெரு நீளத்துக்கு நீட்டியிருந்த அரக்கு நிறப் பாவு பாதியில் சுருண்டுகொண்டிருந்தது. யார் என்று நான் கேட்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அதிலேயே தெரிந்துவிட்டது. என் சகலை அருணாசலம் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

அவரும் நானும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். உங்களில் பலருக்கு அவரைக் கைதேர்ந்த தறிக்காரராகத் தெரியும். சிலருக்குப் பழைய சாமான் பைத்தியமாகத் தெரியும். இரண்டும் உண்மைதான். எனக்கு அவர் கேலி செய்யக் கிடைத்த அண்ணன். எவ்வளவு கேலி செய்தாலும் சிரித்துவிட்டுக் காபி கொண்டுவரச் சொல்வார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் அவர் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மெத்தை வீடு கட்டினார். மொசைக் தரை, டியூப் லைட், ஒயர் பின்னிய நாற்காலி, சன்மைக்கா ஒட்டிய மேசை. கூடத்தில் தறிக்கு மட்டும் குழி விட்டுச் சுற்றிலும் மொசைக் போட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். என் மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து நான் மறுபடி போனபோது, கூடத்து நாற்காலியில் அண்ணன், டாக்டருக்காகக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணே, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சகல. வீடு வந்துடுச்சி. நான்தான் இன்னும் வரல."

அப்போது ஊரெல்லாம் பழைய வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். கதவும் நிலையும் விறகு விலைக்குப் போயின. இவர் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார். புதுச் சுவரைக் குடைந்து விளக்கு மாடம் வைத்தார்; கட்டிய கொத்தனார் அழாத குறை. டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு, பித்தளைத் தொங்குவிளக்குக்குள் பல்பு மாட்டினார். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வீட்டை இடித்தபோது இரண்டு மரத்தூண்களை வண்டியில் ஏற்றி வந்து கூடத்தில் நிறுத்தினார். மேலே கான்கிரீட். தூணுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"பென்ஷன் வாங்கற தூணா அண்ணே?" என்றேன்.

"சும்மா நிக்கட்டும்பா. இத்தினி வருசமா சுமந்துக்கினு இருந்துதுங்க இல்ல?" என்றார்.

வாலாஜாபாத்தில் ஒரு பழைய மில்காரர் பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கேதான் அந்தக் கண்ணாடி கிடைத்தது. கதவுக்கு மேலே வைக்கும் அரைவட்டப் பலகணி. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று விசிறி போலப் பதித்த துண்டுகள். வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு பாலாற்றை ஒட்டி வந்தோம். வெயில் அதன் வழியாக இறங்கி எங்கள் வேட்டிகளில் ஆடியது. என் வாழ்நாளில் நான் அதிக நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

மேற்குச் சுவரில், பின்கட்டுக் கதவுக்கு மேலே அதைப் பதித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் கூடம் வேறு உலகமாகிவிட்டது. நிறங்கள் தரையில் ஊர்ந்து, தூணில் ஏறி, தறியின் மேல் போய்ப் படுத்துக்கொண்டன. காபி கொண்டுவந்த அவர் மனைவி அமிர்தம் அண்ணி மஞ்சளில் கால் வைத்து, நீலத்தில் நடந்து, சிவப்பில் வந்து நின்றார். கோயில் மணி கேட்டது. யாருக்கும் விளக்குப் போட மனம் வரவில்லை.

"இப்ப வந்துட்டேன் சகல," என்றார் அண்ணன்.

மகள் வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், முகூர்த்தப் புடவையைத் தன் கையாலேயே நெய்வதாகச் சொன்னார். கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. பகலெல்லாம் வெளி வேலை. ஆகவே சாயங்காலங்களில் அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில்தான் தறியில் உட்கார்ந்தார். பாதியில், குறுக்கே ஓடும் பச்சை ஊடை நூல் தீர்ந்துபோக, சாயக்காரர் புதிதாகத் தோய்த்து அனுப்பினார். புதுச் சாயம் வந்தால் பழைய நூலோடு சேர்த்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகலில் பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். இவர் கூடத்திலேயே, கண்ணாடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்து வாசலில் பிரித்தபோது பாதிக்கு மேல் வேறு பச்சை. எனக்கு ஆள் அனுப்பினார்கள். கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் புடவைகளில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். முகூர்த்தத்துக்கு இன்னொன்று நெய்ய நாள் இல்லை.

"நீங்களே சொல்லுங்க தம்பி, கட்டினா தெரியுமா?" என்றார் அண்ணி.

பொய் சொல்லத்தான் ஆசை. "தெரியுது அண்ணி," என்றேன்.

"அந்தக் கண்ணாடிதான் இவரு கண்ண கட்டிப்போட்டுச்சி. ஒடைச்சிப் போடுங்க அத்த!" என்று அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார். பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புடவை பழுதாகிவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

வள்ளி புடவையை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தாள். "பாதி காலைல பாத்த பச்ச, பாதி சாயங்காலப் பச்ச. ரெண்டும் நம்ம வூட்லதான இருக்குது. நான் இத்தயே கட்டிக்கிறேன்பா," என்றாள். கட்டிக்கொண்டாள். சம்பந்தி வீட்டில் கவனித்திருப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அண்ணன் புடவையைப் பிரித்த அன்றைக்கே ஏணி போட்டுத் தன் கையால் கண்ணாடியைக் கழற்றினார். கிழிந்த புடவையில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, அந்த இடத்தைப் பலகையால் மூடினார். பிறகு வள்ளி வரும்போதெல்லாம் மாட்டச் சொல்லிக் கெஞ்சுவாள். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"கண்ணாடி மேல தப்பு இல்ல சகல. எனக்கு அதும்மேல ஆச. ஆசப்பட்ட கண்ணுக்கு நெறம் தெரியாது. தறியில இருக்கறதெல்லாம் யாரோ ஒருத்தர் பொண்ணுக்குப் போறதுப்பா."

அதன் பிறகு சாயங்காலங்களில் அவர் பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து விளக்கைப் போடுவார்.

போன வெள்ளிக்கிழமை மதியம் வள்ளி சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்து, சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "கண்ணாடிய பரண்லேர்ந்து எறக்கி மாட்டுங்க சித்தப்பா," என்றாள்.

"சாவு வூட்ல ஏணி இன்னாத்துக்கும்மா?" என்று பெரியவர் ஒருவர் முனகினார்.

மூலையில் உட்கார்ந்திருந்த அமிர்தம் அண்ணி எழுந்து வந்தார். "நான் ஏணிய புடிச்சிக்கிறேன். நீங்க ஏறுங்க தம்பி," என்றார்.

பலகையைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினேன். சூரியன் இறங்க இறங்க நிறங்கள் தரைக்கு வந்தன, தூணில் ஏறின, வெறும் தறியைக் கடந்து, அண்ணன் மேல் போர்த்தியிருந்த கோடித் துணியில் போய்ப் படுத்துக்கொண்டன. கூடத்தில் அழுகை தானாக நின்றது. வள்ளி அவர் காலடியில், பச்சை விழுந்த இடத்தில் கை வைத்துக்கொண்டாள்.

எந்தத் துணியையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பழுது தேடியே பிழைத்தவன் நான். அவரை வாசலுக்கு எடுத்தபோது எல்லோரும் பின்னால் போனார்கள். நான் கொஞ்ச நேரம் கூடத்திலேயே நின்றுவிட்டேன். கண்ணாடி வெளிச்சத்தில் பார்த்த அண்ணன் எனக்குப் போதும்.