மிஸ்ஸைத் திருப்பி அனுப்பிய காரணங்கள்

எங்கள் வீட்டுக்கு வரவிருந்த வெள்ளைக்காரப் பெண்ணை விமான நிலையத்திலேயே மறித்துத் திருப்பி அனுப்பியபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊரான கற்பிட்டியில் அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் போலவே சொன்னார்கள்.

நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். களப்பில் காற்று எழும் மாதங்களில் வந்து, பெரிய பட்டமொன்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்றபடி தண்ணீரில் வழுக்கிப் போவார். காற்று விழுந்த நாட்களில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி நீந்தப் பழக்குவார். கத்தாரிலிருந்து திரும்பிய வாப்பா, இனிமேல் போவதில்லை என்று சொல்லி வெளிநாட்டுக்காரர் தங்கவென்று வளவில் ஓலைக் கூரையுடன் கபானா கட்டியிருந்தார். அதில் தங்க வந்த ஒரே ஆள் மிஸ்தான். அந்த வருடம் வந்த கையோடு கூட்டாளிகளையும் வரச் சொல்வதாக அவர் சொல்லியிருந்தார். அவர்கள் வந்தால் வாப்பா எங்களோடு இருப்பார், வராவிட்டால் மறுபடியும் கத்தார். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலை உம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தபோது வாப்பாவின் போன் அடித்தது. விமான நிலையத்து அதிகாரி. மிஸ்தான் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். வாப்பா எழுந்து நின்று, சாரனைச் சரிசெய்துகொண்டு, சிங்களத்தில் பேசினார். எனக்கு ஒரே பெருமை. போனை வைத்ததும், வேலியடியில் நின்ற சாச்சாவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக் காட்டினார்.

“அவ டூரிஸ்ட்டா எண்டு கேக்கிறான். என்ன கதை இது? எங்கட ஊட்டுப் புள்ள எண்டு சொன்னன். அறைக்கு எவ்வளவு எடுக்கிறீங்க எண்டான். சீ, ஊட்டுக்கு வாற ஆள்கிட்ட காசு எடுப்பமா எண்டன். எங்கட புள்ளயளுக்கு நீச்சல் படிச்சுக் குடுக்கிறா, நினைச்ச மட்டும் இரிப்பா எண்டும் சொன்னன். நல்லாச் சொல்லிட்டன்.”

காசு எடுக்காமல் இல்லை. போகும் நாளில் மிஸ் அதைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போவார், உம்மா விரிப்பை உதறும்போது எடுத்துக்கொள்வார். அதை வாய்விட்டுச் சொல்ல, அதுவும் முன்பின் தெரியாத அதிகாரியிடம் சொல்ல, வாப்பாவுக்கு நாக்கு வராது. சாச்சா தலையாட்டினார். உம்மா மட்டும் பாதி உரித்த இறாலைக் கையில் வைத்தபடி வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. உல்லாசப் பயணி என்று அவர் சொன்னதை அங்கே நம்பவில்லையாம். ஏனென்று தனக்கும் தெரியவில்லையாம். கூட்டாளிகளும் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். நான் அழுதேன்.

பிறகுதான் காரணங்கள் வரத் தொடங்கின. பாண் கொண்டுவரும் த்ரீவீலர்காரர், பாஸ்போட்டில் முத்திரை குத்த இடமில்லாமல் போயிருக்கும் என்றார். என் வகுப்பு டீச்சர், மிஸ்ஸின் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் இப்போது சரியில்லை என்றார். மதுரங்குளியிலிருந்து வந்த மாமி, அந்தப் பட்டத்தை வேறு ஏதோ சாமான் என்று நினைத்துப் பயந்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். வாப்பா எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கரையோரத்துப் பெரிய ஹோட்டல்காரர் எரிச்சலில் பெட்டிசன் போட்டார் என்பதே அவருடைய முடிவு. “நான் அப்படிக் கதைச்சபடியாத்தான் அவவப் புடிச்சு மறியல்ல போடாம உட்டாங்க” என்றும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அந்த நேரங்களில் உம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

காற்று ஓய்வதற்கு முன்பே கத்தார் விசா வந்தது. அதை யாரும் மறிக்கவில்லை. பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு வாப்பா கபானாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த ஹோட்டல்காரன்தான் எங்கட சோத்துல மண்ணப் போட்டான்.”

“ஓம், அவன்தான். வேற ஆரு?” என்றார் உம்மா.

கண்ணால் காணாததை ஒருவர்மேல் சொல்வது பாவம் என்று என் வாயில் தட்டி வளர்த்தவர் உம்மா. வேன் முடக்கில் திரும்பும்வரை சிரித்த முகமாகவே நின்றார். அன்று அவர் ஏன் அவ்வளவு சுறுக்காக ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.