வரிசையில் எல்லோருக்கும் இடம் விட்டவர்

தொண்ணூறுகளில், பெரிய வியாழனுக்கு முந்தின சாயங்காலம். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்து மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். பல வருஷம் கழித்து வந்திருந்தேன்.

எனக்கு முன்னால் காக்கிச் சட்டையும் நரைத்த மீசையுமாக ஓர் ஆட்டோக்காரர். பின்னால் யார் வந்தாலும் "நீங்க முன்னாடி போங்க" என்று இடம் விட்டுவிடுவார். எனக்கும் விட்டார். "ஐயோ, நீங்களே போங்கண்ணே" என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"என்னண்ணே, கொலை கிலை பண்ணிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "தம்பிய அடிச்சு வீட்ட விட்டுத் துரத்திட்டேன் சார். சாமியார் மன்னிச்சிடுவாரு. ஆனா, போய் அவன்கிட்ட மன்னிப்பு கேளுன்னு சொல்லிட்டா? அதான் வருஷா வருஷம் வரிசையில நின்னுட்டு அப்படியே போயிடுறேன்."

அன்று சாமியாரிடம் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அடுத்து நான். பொய், கோபம், பூசைக்கு வராதது என்று சில்லறைப் பாவங்களை மட்டும் பொறுக்கி ஒப்பித்தேன். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னதோடு தப்பித்தேன்.

வாசலில் அவர் ஆட்டோவைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். "சார், தம்பி வீடு அடுகோடி. அந்தப் பக்கம்னா சும்மா ஏறுங்க. கூட ஒரு ஆளு இருந்தா தைரியமா இருக்கும்."

ஒருவர் உண்மையாகவே மனந்திரும்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதா? "நான் எதிர்ப்பக்கம்ணே" என்று கையைக் காட்டினேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தனியாகவே போனார். அந்த ஆட்டோ கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்து, அதே வழியில் போகும் பஸ்ஸில் ஏறினேன். என் வீடும் அடுகோடியில்தான்.